கடப்பமரத்து நாரைக்கு மேளம் ஆகாதாம்

பினாங்கிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் பழனிக்குப் போவார்கள், காசிக்குப் போவார்கள், காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்குவார்கள். நாங்கள் ஒரு நாரையைப் பார்க்கப் போனோம். காஞ்சிபுரத்துக்கு அத்தனை பக்கத்தில் தங்கியும் ஒரு புடவைக் கடையின் படியைக்கூட நான் மிதிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பயணத்துக்குச் சொன்ன காரணம் கல்யாணம். இவருடைய சித்தப்பா மகன் ஏகாம்பரம் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பயிர் வைக்கிறார். அவர் மூத்த மகள் சரசுவுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம். சித்தப்பா காலமாகிவிட்டதால், பெரியவராக முன்னால் நின்று நடத்திக்கொடுக்க அண்ணன்தான் வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த மனிதர், தம்பி மகள் என்றதும் உருகிப்போய்விட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். தைலப் புட்டிகளும் நைலக்ஸ் புடவைகளும் அடுக்க நான் பெட்டியைத் திறந்தபோது, பாதி இடத்தை ஒரு டெலஸ்கோப்பும் அதன் மூன்று காலும் பிடித்துக்கொண்டிருந்தன. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இவருக்குப் பறவைப் பித்து. அதிலும் ஒரு பறவைமேல் தனிப் பித்து. கருங்கழுத்து நாரை என்று பெயர். ஆள் மார்பளவு உயரம், வெயில் பட்டால் பச்சையும் நீலமுமாக மின்னும் கறுப்புக் கழுத்து, நீண்ட சிவப்புக் கால். கூட்டத்தோடு சேராது, ஒற்றை ஜோடியாகத் திரியும். தமிழ்நாட்டில் அது கூடு கட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம் என்று இவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கப்பலேறி மலாயா வருவதற்கு முன்னால், பையனாக இருந்தபோது, சொந்த ஊரில் ஒரே ஒரு முறை பார்த்தாராம். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை.

மெட்ராசில் இறங்கியதும் கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. செய்யூர்ப் பக்கம் கடலோரத் தோப்பு ஒன்றில் அந்த நாரை ஜோடி கூடு கட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரோ இவரைப் போன்ற ஒருவர் தகவல் சொல்லியிருந்தார். அங்கே போனோம். பகல் முழுவதும் மணல்காற்று. கட்டிக்கொண்டு போன இட்லியை மணலோடு தின்றோம். கடைசியில் மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாள், அந்தப் பெரிய மரத்தை விறகுக்கு வெட்டிப் பல நாள் ஆகிறது, கொக்கு ரெண்டும் மேற்கே போய்விட்டன என்று சொன்னார். இதை நாங்கள் இறங்கியவுடனே யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் இவர் பறவைகளைப் பற்றி மனிதர்களிடம் கேட்க மாட்டார்.

உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் யாரோ ஒருத்தி என்னைக் கேட்காமலே என் மடியில் ஒரு கூடையை வைத்தாள். உள்ளே கோழி. நடுவழியில் பஸ் ஒரு உறுமல் உறுமி நின்றுபோனது. பினாங்கில் ஃபெர்ரி கொஞ்சம் தாமதித்தால் ஜனங்கள் பத்திரிகைக்கு எழுதிப்போடுவார்கள். இங்கே ஒரு முகம்கூடச் சுளிக்கவில்லை. ஆண்கள் இறங்கிப் புளியமரத்தடியில் பீடி பற்றவைத்தார்கள். டிரைவர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கண்டக்டரிடம் எங்கள் கிராமத்தின் பெயரைச் சொல்லி எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"தோ, இங்கதான் கீதும்மா."

அந்தத் 'தோ'வை நம்பிப் பெட்டிகளோடு நடந்தோம். தலைக்கு மேலே இருந்த சூரியன் இறங்கி முகத்துக்கு நேரே வரும்வரை நடந்தோம்.

ஊருக்குள் நுழையும் வழி ஏரிக்கரைதான். மழையில் கீழ்ப்பாதை அரித்துக்கொண்டு போய்விட்டதால் வண்டி, மாடு, மனிதர் எல்லாருக்கும் கரைமேல்தான் பாதை. நான் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வர, முன்னால் போன இவர் திடீரென்று பெட்டியைக் கீழே போட்டார். நெஞ்சுவலியோ என்று பதறிப்போனேன். இவர் கை நீட்டிய பக்கம் பார்த்தேன். கரையிலிருந்து கல் எறிந்தால் விழும் தூரத்தில், தண்ணீருக்குள் ஒரு பெரிய கடப்பமரம். அதன் உச்சியில் சுள்ளிகளைக் கட்டில் அகலத்துக்குக் குவித்து, மேலே கறுப்புக் கழுத்து ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"அதே ஜோடி" என்றார் இவர். கடற்கரையில் மரம் போன பிறகு இங்கே வந்து இரண்டாம் முறையாகக் கட்டியிருக்கின்றனவாம். அதே ஜோடிதான் என்று ரேஷன் கார்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணத்தன்று எனக்குத் தாலி கட்டும்போதுகூட இந்த மனிதர் இப்படிக் கலங்கியதில்லை.

மறுநாள் முதல் என் சிறைவாசம் தொடங்கியது. விடியுமுன்னே எழுப்புவார். வெறும் டீ. ஏகாம்பரத்தின் மனைவி தனகோட்டி வைக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் கேழ்வரகுக் களிக்கும் நான் பினாங்கில் உள்ள எல்லா நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றையும் விட்டுக்கொடுப்பேன். ஆனால் அது சூடாக இருக்கும் நேரத்தில் நான் ஏரியில் இருப்பேன். மரத்துக்கு அப்பால், முழங்கால் தண்ணீர் கடந்து போனால் ஒரு மண்திட்டு. அதில் பனையோலையால் ஒரு மறைப்புக் கட்டி, நடுவில் டெலஸ்கோப்பின் மூக்கு மட்டும் வெளியே தெரிய, உள்ளே இவர். பக்கத்தில் கொசுவுக்குத் தீனியாக நான்.

பேசக் கூடாது. இருமக் கூடாது. பளிச்சென்ற நிறம் கூடவே கூடாது. நான் ஆசையாகக் கொண்டுபோன சிவப்புப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடவில்லை. பறவைக்கு எதிரியை முதலில் காட்டிக்கொடுப்பது கண்தான், காது இல்லை என்று ஊர் முழுவதற்கும் பாடம். இவர் மட்டும் தினமும் அதே பாசி நிறச் சட்டை. தனகோட்டி அதைத் துவைக்கக் கேட்டும் தரவில்லை.

ஊர்க்காரர்களுக்கு நாரை புதிதில்லை, நாங்கள்தான் புதிது. நாங்கள் நாரையைப் பார்க்க, அவர்கள் கரைமேல் குந்தி எங்களைப் பார்த்தார்கள். கொக்கு பார்க்கவா பெரியவர் ஏரோப்ளேன் ஏறி வந்துகீறார் என்று ஒருவர் வியந்துகொண்டார். இன்னொருவர், அது துன்ன நல்லா இருக்குமா என்று என்னிடம் நாசூக்காக விசாரித்தார். இவர் காதில் விழாமல் இருக்கும்படி நான் இருமினேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பறவை இறங்கியிருக்கிற நாளில் அந்த ஏரியைச் சுற்றி யாரும் வெடி வைக்க மாட்டார்கள். தீபாவளிக்குக்கூட இல்லை. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் தூக்கிக்கொண்டு நிற்குமாம், அதனால் எப்போதோ முடிவு செய்து இன்றுவரை அப்படியே நடக்கிறது. இதை ஏகாம்பரம் சொன்னதும் இவருக்குப் பேராசை பிடித்தது. வெடி வேண்டாம் என்பவர்கள் மேளமும் வேண்டாம் என்று இருக்கலாமே என்றார்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். அதற்கு முன்தினம் மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள். வாலாஜாபாத்திலிருந்து வரும் அவர்களும் இதே கரைமேல்தான் வர வேண்டும், பெண்ணோடு இதே கரைமேல்தான் திரும்ப வேண்டும். நாரை முட்டையிட்டு அடைகாக்கிறது. ஒருமுறை மிரண்டு எழுந்தால் போதும், காக்கை காத்துக்கொண்டிருக்கிறது, இந்த இரண்டாம் முயற்சியும் போய்விடும் என்று இவர் தூக்கமில்லாமல் புரண்டார். கடைசியில் ஏகாம்பரத்தை உட்காரவைத்து, கரை தாண்டும்வரை மேளம் வாசிக்கக் கூடாது, அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டார்.

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். அந்தக் கரைமேல் மேளம் போகாத மாசமே கிடையாது. கல்யாணம், சாமி, சாவு எல்லாம் அதில்தான். அதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் பறவைகள் வந்துபோகின்றன. இது ஏகாம்பரத்துக்குத் தெரியாதா? தெரியும். அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. ஆனால் அப்பா இடத்தில் நிற்கிற அண்ணன், அதுவும் கடல் தாண்டி வந்த அண்ணன் சொல்கிறார். அந்த ஊரில் பெரியவர் ஒன்றைச் சொன்னால், தப்பென்று தெரிந்தாலும் எதிரே நின்று தப்பு என்று சொல்ல மாட்டார்கள். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துபோனார். இந்த மரியாதையைப் போல என்னைப் பேஜார் செய்தது வேறெதுவும் இல்லை.

தனகோட்டி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். மேளமில்லாமல் பெண் போனால் நாளைக்கு அங்கே நாலு பேர் சரசுவைச் சொல்லிக்காட்ட மாட்டார்களா என்றாள். மாட்டார்கள் என்று வாய் சொன்னது. அன்று இரவு இவரோடு நான் பேசவில்லை. இவருக்கு அது தெரியவும் இல்லை.

பெண் அழைப்பு நாள் வந்தது. பெரியவருக்கு என்று ஏகாம்பரம் எடுத்துவைத்திருந்த புது வேட்டியும் சட்டையும் துண்டும் இவர் உடுத்திக்கொண்டார். தும்பைப்பூ வெள்ளை. அவர்கள் வருவதற்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்த வெள்ளையோடேயே மறைப்புக்குப் போனார். பைனாகுலரை என் கழுத்தில் மாட்டி, கரைமேல் மதகுப் பக்கம் என்னைக் காவல் நிறுத்தினார். மேளம் வந்தால் கையைக் காட்டி நிறுத்த வேண்டியது என் வேலையாம். கல்யாணத்துக்கு வந்த பெரியம்மாவுக்கு எவ்வளவு லட்சணமான வேலை பாருங்கள்.

வந்தார்கள். தட்டு வரிசை தூக்கிய பெண்கள், பின்னால் நாயனமும் தவிலும், எல்லாருக்கும் முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா கோதண்டம். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர். மீசையைப் பார்த்தாலே சொல்லலாம், அவர் சொன்னதற்கு யாரும் மறுசொல் சொன்னதில்லை என்று. ஏகாம்பரம் ஓடிப்போய்க் கைகூப்பி விஷயத்தைச் சொன்னார். கோதண்டம் மரத்தைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"மோளம் இல்லாம பொண்ணு இட்டுகினு போறதுக்கு நாங்க இன்னா திருடிகினா போறோம், சம்பந்தி?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஏகாம்பரம் கூப்பிய கையை இறக்கவில்லை. தட்டு தூக்கிய பெண்கள் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். திரும்பிப் போகலாம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது எனக்கே கேட்டது. கரையின் அந்தக் கோடியில் ஆரத்தித் தட்டோடு தனகோட்டி நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளே சரசு பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம். ஒரு கொக்குக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் கரையில் நிற்கிறதா? நேரே தவில்காரரிடம் போனேன்.

"அடிங்கப்பா. நான் சொல்றேன், அடிங்க."

நீங்க யாரும்மா என்று கேட்டார் கோதண்டம். நாரைக்காரர் பெண்டாட்டி என்றேன். மீசைக்குக் கீழே சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

தவில் விழுந்தது பாருங்கள், என் பல்லெல்லாம் அதிர்ந்தது. நாயனக்காரர் அத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினார். நடந்தபடியே எல்லார் கண்ணும் மரத்தின் மேல். நான் பைனாகுலரை எடுத்தேன். அவசரத்தில் முதலில் வானம்தான் தெரிந்தது. பிறகு கூடு தெரிந்தது. நாரை தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. மெல்ல எழுந்து நின்றது. செத்தோம் என்று நினைத்தேன். அது குனிந்து, அலகால் முட்டையை நிதானமாகப் புரட்டிவைத்து, மறுபடி உட்கார்ந்துகொண்டது. தவில் மரத்துக்கு நேராக வந்தது, மரத்தைத் தாண்டியது. அது அசையவில்லை. எனக்கு என்னையறியாமல் சிரிப்பு பொங்கியது. வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கும் புரிந்துவிட்டது. ஏகாம்பரம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்போதுதான் திட்டை மறைத்த முட்செடிகளைச் சுற்றிக்கொண்டு இவர் வந்தார். மேளம் கேட்டதுமே டெலஸ்கோப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். வழக்கமான வழியை விட்டுக் குறுக்கே இடுப்புத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, மரத்தின் அடி வழியாக, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று. நான் கத்தினேன், போங்க, அப்படியே திரும்பிப் போங்க என்று. தவில் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கிளைகளுக்கு வெளியே அந்த வெள்ளை தெரிந்ததும் நாரை சடாரென்று சிறகை விரித்து எழுந்தது. எங்கிருந்தோ அதன் ஜோடியும் எழுந்தது. இவர் நிமிர்ந்து பார்த்தபோது இரண்டும் வானத்தில் இருந்தன.

ஏரிக்கு அப்பால் போய் இரண்டும் வட்டமிட்டன. இவர் மரத்தடியிலேயே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகர்ந்து வந்திருந்தால் அவை திரும்பியிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. காக்கைகள் காத்திருக்கவில்லை. முதலில் ஒன்று கூட்டில் இறங்கியது, பிறகு இரண்டு. இவர் தண்ணீரை வாரி இறைத்தார், கூச்சலிட்டார், மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தார். ஊர்ப் பிள்ளைகள் கரையிலிருந்து கல்லெறிந்தார்கள், உச்சிக்கு எட்டவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கோபமே வரவில்லை. எப்படியும் முட்டை பொரிந்துவிடும், குஞ்சு எட்டிப் பார்க்கும், பினாங்கு திரும்பியும் இவர் வாய் ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டிருப்பார் என்று நானும் மனசுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மேளம் நிற்கவில்லை. நிற்கவும் கூடாது. சரசுவை அழைத்துக்கொண்டு அதே கரையில் திரும்பியபோது கூட்டின் மேல் யாரும் இல்லை.

மறுநாள் வாலாஜாபாத்தில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெரியவராக இவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், பொம்மையை நிறுத்திவைத்துச் செய்தது போல. காலையில் நாஷ்டா தொடவில்லை. மத்தியானப் பந்தியில் ஏகாம்பரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எதிரே கோதண்டம். இலையில் வடை, கூட்டு, பாயசம் எல்லாம் அப்படியே இருந்தன. இவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மேளத்துக்கா எழுந்துச்சு? இல்ல, என்னைப் பார்த்தா?"

பந்தியில் இருந்த பாதிப் பேர் கரைமேல் வந்தவர்கள், எல்லாம் பார்த்தவர்கள். ஏகாம்பரம் இலையைப் பார்த்தார். முதலில் வாய் திறந்தவர் கோதண்டம். முந்தின நாள் மதகுக் கல்லில் உட்கார்ந்து மேளத்துக்காக மல்லுக்கு நின்ற அதே மீசைக்காரர்.

"மோளத்துக்குத்தான் சம்பந்தி. இன்னா சத்தம் அது. எங்க மேல்தான் தப்பு."

ஆமாண்ணா, மோளம்தான், என்று ஏகாம்பரமும் சொன்னார். பரிமாறிக்கொண்டு வந்த ஆள்கூட ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். இவர் என் பக்கம் திரும்பினார். "நீ பைனாகுலர்ல பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

கல்யாணமான நாள் முதல் இந்த மனிதரிடம் ஒரே ஒரு வாதத்திலாவது ஜெயிக்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். கையில் அப்படி ஒரு சாட்சி, சுற்றிலும் ஊரே சாட்சி. நாக்கு நுனியில் நின்றது. இவர் கண்ணைப் பார்த்தேன்.

"மேளம்தான்" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் இவர். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டு, அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். எனக்கு அந்தப் பாயசத்தை எடுத்து இவர் தலையில் கொட்டலாமா என்று இருந்தது. கூடவே, முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்தவர் சாப்பிடுகிறாரே என்று நிம்மதியாகவும் இருந்தது.

அந்த ஜோடி நாங்கள் கிளம்பும்வரை கடப்பமரத்துக்குத் திரும்பவில்லை. ஏரியின் அக்கரையில் ஒரு நாள் தண்ணீரில் நின்றன, மறுநாள் அங்கேயும் இல்லை.

பினாங்கு திரும்பிய பிறகு வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் இந்தக் கதைதான். கருங்கழுத்து நாரைக்கு மேளச் சத்தம் ஆகவே ஆகாது என்று ஆரம்பிப்பார். கையை விரித்துத் தவில் எப்படி இடித்தது என்று காட்டுவார். கடைசியில் என் பக்கம் விரலை நீட்டி, அடிக்கச் சொன்னதே இவள்தான் என்று முடிப்பார். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் இவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைப்பேன்.

ஆங்கிலத்தில் வரும் பறவைப் பத்திரிகையைத் தவிர இவர் வேறெதையும் படிப்பதில்லை. நான் தமிழில் எழுதுகிற கட்டுரைகளில் ஒன்றைக்கூட இதுவரை படித்ததில்லை. அதில் எனக்கு வெகுநாளாக மனத்தாங்கல் உண்டு. இவர் இந்த ஒன்றைப் படிக்காததில் மட்டும் எனக்கு அது இல்லை.